கலிங்கில் ஓடிய நேர்கோடு

தாமிரபரணிப் பாசனத்தில் குளங்கள் தனித்தனியாக இருப்பதில்லை. ஒரு குளம் பெருகினால் மிச்சத் தண்ணீர் கலிங்கு வழியே இறங்கி அடுத்த குளத்துக்குப் போகும். கலிங்கின் மேல் எத்தனை அடி உயரத்துக்குத் தண்ணீர் வழிந்தால் வினாடிக்கு எத்தனை கன அடி வெளியேறும்? இதற்குப் பொறியாளர்கள் கையில் ஒரு பழைய சூத்திரம் இருக்கிறது. உச்சி அகலமாகவும் தட்டையாகவும் உள்ள கலிங்கு என்றால், வழியும் தண்ணீரின் உயரத்தை ஒன்றரை அடுக்குக்கு உயர்த்தி, கலிங்கின் நீளத்தால் பெருக்கி, ஏறத்தாழ 3.09 ஆல் மறுபடி பெருக்க வேண்டும். கலிங்கு கட்டிய விதத்தைப் பொறுத்து அந்த 3.09 சற்று கூடலாம், குறையலாம்.

ஒன்றரை அடுக்கு எங்கிருந்து வந்தது என்பது சுலபம். தண்ணீரின் உயரம் கூடக்கூட அது பாயும் வாயின் பரப்பும் அதே விகிதத்தில் கூடுகிறது. பாயும் வேகமோ உயரத்தின் வர்க்கமூலத்தைப் போலக் கூடுகிறது. ஒன்றும் அரையும் சேர்ந்து ஒன்றரை. 100 அடி நீளக் கலிங்கில் ஓர் அடி வழிந்தால் 309 கன அடி. நான்கு அடி வழிந்தால், நான்கின் ஒன்றரை அடுக்கு எட்டு, ஆக 2,472 கன அடி. உயரம் நான்கு மடங்கானால் வெளியேற்றம் எட்டு மடங்காகிறது. வெள்ளக் காலத்தில் கரையோரம் இருப்பவர்களை மிரள வைக்கும் விஷயம் இந்த வளைவுக்குள்தான் இருக்கிறது.

இதைக் கணினியில் வரையலாம். நியூபிளாட் என்றொரு மென்பொருள் 1986 முதல் இருக்கிறது. இலவசம், சின்னக் கணினியிலும் ஓடும். அதில் அடுக்கை 1.5 என்று எழுதினால் மேல்நோக்கி வளையும் சரியான கோடு கிடைக்கும். 3/2 என்று எழுதினால் நேர்கோடு கிடைக்கும்.

மென்பொருளில் கோளாறு ஒன்றுமில்லை. முழு எண்ணை முழு எண்ணால் வகுத்தால் விடையும் முழு எண்ணாகவே இருக்க வேண்டும் என்பது சி மொழியின் வழக்கம். நியூபிளாட்டும் அதையே பின்பற்றுகிறது. மூன்றை இரண்டால் வகுத்தால் ஈவு ஒன்று. மீதியைத் தூக்கி எறிந்துவிடும். ஒன்றரை அடுக்கு ஓரடுக்காகிவிட்டது. பைத்தான் மொழியும் இப்படித்தான் இருந்தது. 2008-இல் வந்த மூன்றாம் பதிப்பில்தான் மாற்றினார்கள்.

இந்த நேர்கோட்டின் குறும்பு, ஓர் அடியில் அது சரியான விடையையே தருவது. அதே 309. சோதித்துப் பார்க்கிறவர் முதலில் ஒன்றைத்தான் போட்டுப் பார்ப்பார். திருப்தியோடு எழுந்து போய்விடுவார். மூன்று அங்குலம் வழியும்போது உண்மையில் சுமார் 39 கன அடி. நேர்கோடு 77 என்கிறது. நான்கு அடியில் 2,472-க்குப் பதிலாக 1,236. சின்ன ஒழுக்கை இரட்டிப்பாகவும் வெள்ளத்தைப் பாதியாகவும் காட்டுகிற படம். சிவப்பு எழுத்து கிடையாது, எச்சரிக்கை மணி கிடையாது. அச்சுகளில் எண்கள் அழகாக வரிசையாக நிற்கும்.

பிடிப்பதற்கு வழிகள் உண்டு. முதலாவது, படத்தின் இடது பக்கம். நியூபிளாட் தானாக எடுத்துக்கொள்ளும் எல்லை எதிர் 10 முதல் 10 வரை. தண்ணீர் கலிங்கு மட்டத்துக்குக் கீழே இருக்கும்போது உயரம் எதிர் எண். அதன் ஒன்றரை அடுக்கு மெய்யெண்ணாக இருக்காது. சரியான படத்தில் இடது பாதி வெறுமையாகக் கிடக்கும். தவறான படத்திலோ கோடு பூஜ்யத்தைக் கடந்து கீழே இறங்குகிறது. அதாவது, கீழ்ப்பக்கத்திலிருந்து தண்ணீர் கலிங்கு ஏறிக் குளத்துக்குள் திரும்புகிறதாம். இரண்டாவது வழி எனக்கு மிகவும் பிடித்தது: அலகை மாற்றி வரைவது. இயற்கைக்கு அடியும் தெரியாது, மீட்டரும் தெரியாது. எதில் அளந்தாலும் ஓடுவது ஒரே தண்ணீர். சரியான சூத்திரம் ஒரு மீட்டர் உயரத்துக்கு எப்படி வரைந்தாலும் ஏறத்தாழ 1,836 கன அடி என்று சொல்லும். தவறான கோட்டை அடியில் வரைந்தால் அதே இடத்தில் 1,014, மீட்டரில் வரைந்தால் 1,836. ஒரே கலிங்கு, ஒரே தண்ணீர், இரண்டு விடை. எங்கோ அடுக்கு பிசகியிருக்கிறது என்று தெரிந்துபோகும். மூன்றாவதாக, இரு அச்சுகளையும் மடக்கை அளவுக்கு மாற்றிவிட்டால் அடுக்குச் சார்புகள் எல்லாமே நேர்கோடாகிவிடும். அதன் சாய்வுதான் அடுக்கு. சாய்வு ஒன்றரை இருக்க வேண்டிய இடத்தில் ஒன்று இருந்தால் மறைக்க முடியாது.

அந்த எதிர் 10, 10 எல்லையைப் பற்றியும் ஒரு வார்த்தை. கலிங்கின் மேல் பத்து அடித் தண்ணீர் நிற்பதற்கு முன்பே குளத்தின் கரை போய்விடும். 2023 டிசம்பரில் திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களில் எத்தனையோ குளங்கள் உடைந்ததைப் பார்த்தோம். கீழ்ப்பக்கத்துத் தண்ணீரும் உயர்ந்து கலிங்கே மூழ்கிவிட்டால் இந்தச் சூத்திரம் செல்லாது. படம் மட்டும் ஒன்றுமே நடக்காததுபோல் மேலே ஏறிக்கொண்டே போகும். நமக்கு வேண்டியது பூஜ்யம் முதல் மூன்று, நான்கு அடி வரை. அந்த எல்லையை நாம்தான் கேட்டு வாங்க வேண்டும்.

தட்டச்சில் வருகிற தவறு இது. இன்னொரு வகைத் தவறு சூத்திரத்தைச் சரியாக எழுதினாலும் வரும். அதற்கு இந்த மென்பொருள்கள் எப்படி வரைகின்றன என்று தெரிய வேண்டும்.

எந்த மென்பொருளும் வளைவை முழுதாகப் பார்ப்பதில்லை. கேட்ட எல்லைக்குள் சில இடங்களைத் தேர்ந்துகொள்கிறது, அந்த இடங்களில் மட்டும் சார்பின் மதிப்பைக் கணக்கிடுகிறது, அடுத்தடுத்த புள்ளிகளைச் சின்னச் சின்ன நேர்கோடுகளால் இணைக்கிறது. நியூபிளாட் சொல்லாமல் விட்டால் 100 புள்ளிகள் எடுக்கும். பைத்தானில் பலரும் பயன்படுத்தும் லின்ஸ்பேஸ் கட்டளை 50. இரண்டு புள்ளிகளுக்கு நடுவே சார்பு என்ன செய்கிறது என்று மென்பொருளுக்குத் தெரியாது. தெரியாததை அது கோடாகப் போட்டு மூடிவிடுகிறது.

டேன் எக்ஸ் வரையச் சொல்லிப் பாருங்கள். பை பாதியை நெருங்கும்போது அது முடிவிலிக்குப் போக வேண்டும். அந்தப் பக்கம் எதிர் முடிவிலியிலிருந்து ஏறி வர வேண்டும். 100 புள்ளி வைத்த நியூபிளாட் படத்தில் சிகரங்கள் அதிகபட்சம் 28.5 உயரத்தில் நின்றுவிடுகின்றன. முடிவிலி எப்படி 28.5 ஆயிற்று? தொலைத்தொடுகோடுகளுக்கு மிக அருகே தற்செயலாக விழுந்த புள்ளி 0.035 தூரத்தில் விழுந்தது. அதன் தலைகீழ்தான் கிட்டத்தட்ட 28.5. புள்ளிகளின் எண்ணிக்கையை 100-லிருந்து 101 ஆக்கினால் முடிவிலியின் உயரமும் மாறிவிடும். மேலேயிருந்து கீழே ஒரு செங்குத்துக் கோடும் இழுத்திருக்கும். சார்பில் அப்படியொரு கோடே கிடையாது. ஜியோஜீப்ரா, டெஸ்மோஸ் போன்றவை இத்தகைய இடங்களைக் கண்டுபிடித்துக் கோட்டை அறுக்க முயல்கின்றன. பெரும்பாலும் வெற்றியும் பெறுகின்றன. ஆனால், அது ஊகம்தான்.

இதைவிட வேடிக்கையானது சைன் 31எக்ஸ். எதிர் 10 முதல் 10 வரைக்குள் அது 98 முழு அலைகளுக்கும் மேல் அடிக்க வேண்டும். நியூபிளாட்டில் மாற்றம் ஏதும் செய்யாமல் வரைந்தால் ஓர் அலைகூட வராது. இடது கீழே எதிர் 0.85-இல் தொடங்கி வலது மேலே 0.85-இல் முடியும், மெல்ல ஏறுகிற ஒரே ஒரு கோடு வரும். பார்க்கிறவர் நம்பிவிடுவார், அவ்வளவு வழவழப்பு. நடந்தது இதுதான்: 100 புள்ளிகளுக்கு இடையில் 99 இடைவெளிகள், அலைகளும் ஏறத்தாழ 99. ஒவ்வொரு முறையும் மென்பொருள் ஏறக்குறைய அலையின் அதே கட்டத்தில் வந்து பார்த்துவிட்டுப் போகிறது. முறைக்கு ஒரு சின்ன நழுவல். அந்த நழுவல்களைக் கோர்த்தால் சைன் 0.1எக்ஸ் போன்ற சோம்பேறி அலை பிறக்கிறது. ஓர் அலைக்கு இரண்டு புள்ளிகளாவது மிஞ்சி இருந்தால்தான் அலையை அலையாகப் பார்க்க முடியும். கண்ணுக்கு வளைவாகத் தெரிய வேண்டுமென்றால் பத்து, இருபது வேண்டும்.

கணினிக்கு வெளியேயும் இது நடக்கிறது. தாமிரபரணி கடலில் சேரும் புன்னக்காயலுக்குப் போங்கள். மன்னார் வளைகுடாவில் ஓதம் பெரிதில்லை என்றாலும் உண்டு. அதன் முதன்மைப் பகுதி, நிலவால் வருவது, 12 மணி 25 நிமிடத்துக்கு ஒருமுறை ஏறி இறங்கும். அங்கே ஒரு கம்பை நட்டு, தினமும் காலை எட்டு மணிக்கு மட்டும் நீர்மட்டத்தைக் குறித்து, மாதக் கடைசியில் வரைந்தால் என்ன வரும்? நாளுக்கு ஏறத்தாழ இரண்டு முறை நடக்கிற ஏற்றஇறக்கம் படத்தில் இருக்காது. அதற்குப் பதிலாக 14.8 நாளுக்கு ஒருமுறை மெல்ல எழுந்து விழும் அலை இருக்கும். இதில் இன்னொரு சிக்கல். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஓதம் வலுப்பதும் நடுவில் தளர்வதும் அதே 14.8 நாள் கணக்கில்தான் நடக்கிறது. ஆகவே படத்தைப் பார்க்கிறவர், இது நிலவின் பக்ஷக் கணக்கு என்று காரணமும் சொல்லிவிடுவார். காரணம் கிடைத்துவிட்ட தவறான படத்தைத் திருத்துவது ரொம்பக் கஷ்டம்.

புள்ளிகளை இணைப்பதிலும் ஒரு வினை இருக்கிறது. 2023 டிசம்பர் 18 காலை 8.30 மணியோடு முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர் மழை பதிவானது. திருச்செந்தூரில் 69, ஸ்ரீவைகுண்டத்தில் 62. காயல்பட்டினத்தின் நாள்வாரி மழையை விரிதாளில் போட்டு, அழகாக இருக்கட்டுமே என்று 'வழவழப்பான கோடு' என்பதைத் தேர்ந்தெடுத்தால், மென்பொருள் முக்கோணச் சிகரத்தை மழுக்கி வளைவாக்கும். வளைத்த கோடு சிகரத்தின் இரு பக்கமும் கொஞ்சம் அமிழ்ந்துதான் எழும். கணக்கு எளிதாக இருக்க, முன்னும் பின்னும் மழையே இல்லை என்று வைத்துக்கொண்டால், பரவலாகப் பயன்படும் ஒரு முறையில் இந்த வளைவு பூஜ்யத்துக்குக் கீழே ஏழு சென்டிமீட்டர் வரை போகும். வானத்துக்குத் திரும்பிப் போன மழை! மழையளவு ஒரு நாளின் கூட்டுத்தொகை. ஒரு கணத்தின் அளவு கிடையாது. அதற்குப் பட்டைப் படம்தான் முறை. ஒரு நாளுக்கு ஒரு பட்டை, நடுவில் எதையும் இணைக்காமல். அன்று எந்த மணியில் கொட்டித் தீர்த்தது என்று கேட்டால் அந்தப் படத்தில் பதில் இல்லை. மணிவாரிக் கணக்கு வேண்டும்.

அச்சு எங்கே தொடங்க வேண்டும் என்பதில் பத்திரிகைக்காரர்களிடம் ஒரு விதி உலவுகிறது: பூஜ்யத்தில் தொடங்காத படம் ஏமாற்று. பட்டைப் படத்துக்கு இது சரி. எல்லாவற்றுக்கும் இதையே பிடித்துக்கொண்டால் கிருஷ்ணாபுரத்தில் வேலை நடக்காது. திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூர் போகும் வழியில், கோயில் சிற்பங்களுக்குப் பேர்போன அந்த ஊரில், இந்தியப் புவிக்காந்தவியல் நிறுவனத்தின் ஆய்வுக்கூடம் ஒன்று இருக்கிறது. காந்த நடுக்கோட்டுக்கு மிக அருகே இருப்பதால் தேர்ந்தெடுத்த இடம். நமக்கு 105 கிலோமீட்டர் மேலே, பகல் நேரத்தில், காந்த நடுக்கோட்டை ஒட்டிய குறுகிய பட்டையில் கிழக்கு நோக்கி ஒரு மின்னோட்டம் பாய்கிறது. அதனால் தரையில் காந்தப்புலத்தின் கிடைக்கூறு உச்சிப்பொழுதை ஒட்டிச் சற்று எழும்பி, மாலையில் தணிகிறது.

எவ்வளவு எழும்பும்? புலத்தின் மொத்த அளவு சுமார் 40,000 நானோடெஸ்லா. பகல்நேர எழுச்சி சில பத்துகளிலிருந்து நூறு, அதற்குச் சற்று மேல். எண்ணூறு பிக்சல் உயரப் படத்தில் பூஜ்யத்திலிருந்து அச்சைத் தொடங்கினால் ஒரு பிக்சலுக்கு 50 நானோடெஸ்லா. வானத்தில் நடக்கும் அத்தனை பெரிய காரியம் இரண்டு பிக்சல் தடிமனுக்குள் அடங்கிவிடும். படத்தில் ஒரு கிடைக்கோடு தெரியும், அவ்வளவுதான். ஆகவே நள்ளிரவு அளவைக் கழித்துவிட்டு மிச்சத்தை வரைகிறார்கள். அதிலிருந்து மும்பைக்குத் தெற்கே அலிபாகில் அதே நேரத்தில் எடுத்த மாற்றத்தையும் கழித்தால், காந்த நடுக்கோட்டு மின்னோட்டத்தின் பங்கு மட்டும் தனியே நிற்கும். அலிபாக் நிலையமே ஒரு படத்தைச் சுத்தமாக வைத்துக்கொள்ளப் பிறந்ததுதான். பம்பாயில் மின்சார டிராம் ஓடப்போகிறது, கொலாபாவில் எடுக்கும் காந்த அளவீடு கெட்டுப்போகும் என்பதால் 1904-இல் அங்கே தொடங்கினார்கள்.

பாபநாசம் அணைக்கு இப்படி அச்சைச் சுருக்குவது பொருந்தாது. 143 அடி முழுமட்டமுள்ள அணையில் மட்டம் 120-லிருந்து 118 ஆனதை, அச்சை 117-இல் தொடங்கி வரைந்தால் அணை வறண்டுவிட்டது போல இருக்கும். எதனோடு ஒப்பிட்டால் அந்த மாற்றம் பொருள்படுமோ அதுவே அச்சின் அளவு. கிருஷ்ணாபுரத்தில் நேற்றைய பகலோடு, பாபநாசத்தில் முழுக் கொள்ளளவோடு.

பெரிய எண்ணிலிருந்து கிட்டத்தட்ட அதே அளவு எண்ணைக் கழிப்பது கணினிக்குள்ளும் நடக்கிறது. அங்கே ஆபத்து அதிகம். ஒன்றிலிருந்து கொசைன் எக்ஸைக் கழித்து, எக்ஸ் வர்க்கத்தால் வகுக்கிற சார்பைப் பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்களுக்குத் தெரியும். எக்ஸ் பூஜ்யத்தை நெருங்கினால் அது அரையை நெருங்கும். அதைச் சாதாரண எல்லையில் வரைந்தால் அழகான மேடு. பூஜ்யத்தின் அருகே பத்துக் கோடியில் சில பங்கு அகலத்துக்கு உருப்பெருக்கினால், அரையில் நிற்க வேண்டிய கோடு பூஜ்யத்துக்கும் ஒன்றுக்கும் இடையே ரம்பப் பல்லாகத் துள்ளும். கணினி ஓர் எண்ணுக்கு ஏறத்தாழ 16 இலக்கங்கள்தான் வைத்துக்கொள்கிறது. கொசைன் ஒன்றுக்கு அவ்வளவு அருகில் போனதும் கடைசி இலக்கங்கள் உதிர்ந்துவிடுகின்றன. கழித்தால் எஞ்சுவது உதிர்ந்ததின் மிச்சம். புள்ளிகளைக் கூட்டினால் இது தீராது, பல்தான் கூடும். சூத்திரத்தைத் திருப்பி எழுத வேண்டும்: ஒன்று கழித்தல் கொசைன் என்பதை, அரை எக்ஸின் சைன் வர்க்கத்தைப் போல் இருமடங்கு என்று மாற்றிவிட்டால் கழித்தலே இல்லை, கோடு அமைதியாக அரையில் நிற்கும். பள்ளியில் மனப்பாடம் செய்த முக்கோணவியல் சமன்பாட்டுக்கு இப்படியும் ஓர் உபயோகம்.

புள்ளி வைத்துக் கோடு இழுக்கும் முறையையே கைவிட்டவர்களும் உண்டு. ஜெஃப் டப்பர் 2001-இல் வெளியிட்ட கட்டுரை அதில் முக்கியமானது. அவருடைய மென்பொருளின் பெயர் கிராஃப்ஈக்யூ. ஓர் இடத்தில் சார்பின் மதிப்பு என்ன என்று அது கேட்பதில்லை. இந்தச் சின்னச் சதுரத்துக்குள் எக்ஸ் எங்கிருந்தாலும் சார்பு எந்த எண்ணுக்கும் எந்த எண்ணுக்கும் நடுவில் இருக்கும் என்று கேட்கிறது. பதில் மூன்று வகை: வளைவு இதற்குள் கட்டாயம் உண்டு, கட்டாயம் இல்லை, இப்போதைக்குச் சொல்ல முடியாது. மூன்றாவது வந்தால் சதுரத்தை நான்காக்கித் திரும்பக் கேட்கிறது. இரண்டு புள்ளிக்கு நடுவே எதுவும் ஒளிந்துகொள்ள முடியாது. விலை, நேரம். தன் உருவத்தைத் தானே வரைந்து காட்டும் சூத்திரம் என்று ஒன்று பிரபலமானதே, அதுவும் இந்தக் கட்டுரையில் வந்ததுதான்; அந்த உருவத்தைப் பார்க்க, செங்குத்து அச்சில் 543 இலக்க எண் ஒன்று இருக்கும் இடத்துக்குப் போக வேண்டும்.

எல்லோரும் அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. கையில் உள்ள மென்பொருளிலேயே புள்ளிகளை இருமடங்காக்கி மறுபடி வரைந்து பார்க்கலாம். சைன் 31எக்ஸுக்கு 100-ஐ 200 ஆக்கியதும் அந்தச் சாதுவான கோடு காணாமல்போய், மேலும் கீழுமாக ஊசி ஊசியாகக் கோடுகள் நெருங்கி நிற்கும். 2,000-க்குப் போனால் அலைகள் வரும். 4,000-க்குப் போனாலும் அதே படம் இருக்கும். கோட்டை நீக்கிவிட்டுப் புள்ளிகளை மட்டும் காட்டச் சொல்வது இன்னும் சுலபம். மென்பொருள் உண்மையில் எங்கெல்லாம் கணக்கிட்டது, எங்கெல்லாம் இட்டுக்கட்டியது என்று உடனே தெரியும். ஆனால், ஓரிடத்தில் மட்டும் ஊசிமுனை அகலத்துக்கு எழுந்து அடங்கும் சார்பு இந்தச் சோதனைகளிலிருந்தும் தப்பிவிடும். 100-லும் 200-லும் எந்தப் புள்ளியும் அதன்மேல் விழவில்லை என்றால் இரண்டு படமும் ஒன்றுபோலவே இருக்கும். வளையும் இடத்தில் தானாகவே அதிகப் புள்ளி வைக்கும் மென்பொருள்களும் இங்கே தோற்கும். வளைகிறது என்று தெரிந்தால்தானே அங்கே நிற்கும்? பின்னத்தின் பகுதி எங்கே பூஜ்யமாகிறது, எங்கே வேகமாக மாறுகிறது என்று வரைவதற்கு முன்பே ஒரு தாளில் போட்டுப் பார்த்தவருக்குத்தான் எங்கே உருப்பெருக்க வேண்டும் என்று தெரியும்.

பாளையங்கோட்டைக் கல்லூரி ஆய்வகக் குறிப்பேடுகளில் கிராஃப் தாளில் வரைந்த காலத்தில் படத்தின் மூலையில் 'அளவுத்திட்டம்' என்று எழுதாவிட்டால் மதிப்பெண் குறையும். கணினிப் படத்துக்கு அந்த மூலையில் இப்போது இன்னும் நாலு விஷயம் எழுதலாம்: எந்த எல்லை, எத்தனை புள்ளி, இணைத்தது எப்படி, சூத்திரத்தைத் தட்டச்சு செய்தது எப்படி. வேறொருவர் அதே படத்தைத் தம் கணினியில் திரும்ப வரைய அவ்வளவு போதும்.